கல்வெட்டு தேடிய நண்பர் திடீரென்று போய்விட்டால்: அவர் சேகரிப்பைக் காப்பாற்ற அலைந்த அனுபவம்

போன வருஷம் ஆவணி மாதம் அண்ணன் இறந்துபோனார். கூடப் பிறந்தவர் இல்லை. திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பக்கத்தில் நடுகல் (சண்டையில் செத்த வீரனுக்கு வைத்த கல்), கல்வெட்டு என்று என்னோடு வருஷக்கணக்கில் சுற்றியவர். அவர் போனபிறகு அவர் எடுத்த படங்கள், மைப்படிகள் (கல்லில் உள்ள எழுத்தைத் தாளில் மையால் ஒற்றி எடுத்தவை), நோட்டுகள், புத்தகங்கள் எல்லாவற்றையும் காப்பாற்ற நான் தனி ஆளாக அலைந்தேன். எதை முதலில் செய்வது, யாரைக் கேட்பது என்று சொல்ல ஒருவரும் இல்லை. வங்கிக் கணக்கு, காப்பீடு, வாரிசுச் சான்றிதழ் என்றால் வழிகாட்ட ஆள் இருக்கிறார்கள். ஒரு மனிதர் பாதி ஆயுளைச் செலவழித்து ஊர் ஊராகப் போய்ச் சேர்த்த தகவலை அவருக்குப் பிறகு என்ன செய்வது என்று சொல்ல யாரும் கிடைக்கவில்லை. நம் மாவட்டங்களில் இப்படிப்பட்ட ஆர்வலர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதில் பெரும்பாலோர் ஐம்பதைத் தாண்டியவர்கள். அவர்கள் வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அண்ணன் மின்வாரியத்தில் கணக்கீட்டாளர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று ரீடிங் எடுக்கிற வேலை. அதனால் எந்தக் கொல்லையில் வேடியப்பன் சாமி என்று பொங்கல் வைக்கிற கல் இருக்கிறது, எந்தக் கிணற்றடியில் துணி துவைக்கிற பலகைக்கல்லில் எழுத்து தெரிகிறது என்று அவருக்கு அத்துப்படி. எங்கள் பகுதி நடுகல்லுக்குப் பேர்போனது. சங்க நூலான மலைபடுகடாம் பாடுகிற நன்னன் என்ற மன்னனின் செங்கண்மாதான் இன்றைய செங்கம். 1970களின் தொடக்கத்திலேயே தொல்லியல் துறை இந்த வட்டாரத்தைச் சலித்து, பல்லவர் காலத்து, வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் உள்ள நடுகற்களைப் படித்து வெளியிட்டிருக்கிறது. அதற்குப் பிறகும் ஏரிக்கரையிலும் புதரிலும் ஒன்றிரண்டு கிடைத்துக்கொண்டேதான் இருக்கிறது. நான் மருந்துக்கடை வைத்திருப்பவன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அவர் பைக்கில் கிளம்பினால் கடை திறக்கும் நேரத்துக்குத் திரும்பிவிடுவோம்.

அவர் ஒரு கல்லை அணுகும் விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில் அந்த நிலத்துக்காரரிடம் அனுமதி கேட்பார். பிறகு செருப்பைக் கழற்றுவார். எண்ணெயும் மஞ்சளும் ஏறிப்போன கல்லை ஒருநாளும் சுரண்டமாட்டார். கம்பி பிரஷ்ஷை யார் எடுத்தாலும் பிடுங்கிவிடுவார். தண்ணீர் ஊற்றி, தேங்காய் நாரால் மெதுவாகத் துடைத்துவிட்டுக் காத்திருப்பார். கல் காய்ந்து வரும்போது மேல்பரப்பு வெளுத்துவிடும், எழுத்துப் பள்ளத்தில் மட்டும் ஈரம் கறுப்பாக நிற்கும். அந்த இரண்டு மூன்று நிமிஷத்துக்குள் படித்துவிட வேண்டும் என்பார். எடுத்தனூர் நடுகல் அவருக்கு உயிர். மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில், எருமை மந்தையைக் காக்கப் போராடிச் செத்த கருந்தேவகத்தி என்பவனுக்கு வைத்த கல். அவன் வளர்த்த கோவிவன் என்ற நாய் கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதையும் அதில் எழுதியிருக்கிறார்கள். "ஆயிரத்து நானூறு வருஷம் ஆச்சு தம்பி, ஒரு நாயோட பேரு நமக்குத் தெரியுது" என்று எத்தனை முறை சொன்னாலும் அவருக்குக் குரல் தழுதழுக்கும்.

இறந்தது ஒரு வியாழக்கிழமை. முந்தின இரவு நெஞ்சு எரிகிறது என்று சோடா குடித்துவிட்டுப் படுத்திருக்கிறார். விடிகாலையில் வியர்த்துக்கொட்டியிருக்கிறது. ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. ஐம்பத்தெட்டு வயது. மருந்துக்கடைக்காரனாக ஒன்று சொல்லிவிட்டு மேலே போகிறேன்: நாற்பது வயதுக்கு மேல் நெஞ்சில் பாரமோ எரிச்சலோ வந்து, கூடவே வியர்வையோ இடது கை, தாடை வலியோ இருந்தால் கேஸ் என்று நினைத்து ஜெலுசில் கேட்டு வராதீர்கள். உடனே 108ஐக் கூப்பிட்டு, ஈசிஜி எடுக்க வசதியுள்ள இடத்துக்குப் போங்கள்.

சாவு வீட்டில் நான் யார் என்று யாருக்கும் தெரியவில்லை. உறவுக்காரர் ஒருவர் வந்து "உங்களுக்கு அவரு என்ன வேணும்?" என்று கேட்டார். என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. கூட வேலை பார்த்தவன் இல்லை, பங்காளி இல்லை, ஒரே தெருகூட இல்லை. "கல்வெட்டு பாக்கப் போவோம்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிட்டார். கொள்ளி வைக்கும்வரை ஓரமாக நின்றுவிட்டு, மறுநாள் கடையைத் திறந்து உட்கார்ந்தேன். யாரும் எனக்குத் துக்கம் விசாரிக்கவில்லை. சொந்தத்தில் சாவு என்றால் பதினாறு நாளாவது ஊர் நம்மை விட்டுவைக்கும். நண்பன் சாவுக்கு அது கிடையாது. கடையில் மாத்திரை எண்ணும்போது கண் கலங்கிவிடும், திரும்பி நின்று துடைத்துக்கொள்வேன். பல ஞாயிற்றுக்கிழமைகள் விடியற்காலை நாலரைக்குத் தானாக விழிப்பு வந்தது. இப்படிப்பட்ட நண்பரை இழந்தவர்களுக்கு நான் சொல்வது, உங்களைப் போலவே அவரை அறிந்த இன்னொருவரைத் தேடிப்போய் நேரில் பேசுங்கள் என்பதுதான். எனக்கு அப்படிக் கிடைத்தவர் ஒரு டீக்கடைக்காரர். எங்களுக்கு அடிக்கடி டீ போட்டுக் கொடுத்தவர். அவரிடம்தான் முதன்முதலாக வாய்விட்டு அழுதேன்.

காரியம் முடிவதற்குள் எங்கள் கல்வெட்டு வாட்ஸப் குழுவில் ஒருவர், "அவர் வைத்திருந்த படங்கள் யாரிடம் இருக்கின்றன? எனக்குத் தேவைப்படுகிறது" என்று கேட்டிருந்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. அடுத்த வாரத்தில் இன்னொருவர் அண்ணன் கண்டுபிடித்த ஒரு சதிக்கல்லை (உடன்கட்டை ஏறிய பெண்ணுக்கு வைத்த கல்) தன் கண்டுபிடிப்பாகப் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டார். அண்ணன் அதைக் குழுவில் பகிர்ந்த பழைய செய்தி என் போனில் தேதியோடு இருந்தது. அதைப் படம்பிடித்து அவருக்குத் தனியாக அனுப்பினேன். பதில் வரவில்லை. அதோடு சண்டையை நிறுத்திக்கொண்டு, குழுவில் அண்ணன் போட்ட எல்லாவற்றையும் வாட்ஸப்பின் "எக்ஸ்போர்ட் சாட்" வழியாக எடுத்து வைத்தேன். முதல் வாரத்திலேயே செய்ய வேண்டிய வேலை இது, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. எந்தக் கல்லை எப்போது யார் முதலில் சொன்னது என்பதற்கு அந்தச் செய்திகள்தான் பின்னால் எனக்குச் சாட்சியாக நின்றன.

வீட்டுக்குப் போய்ப் பேசத்தான் தயக்கமாக இருந்தது. கணவரைப் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கும் அக்காவிடம் போய் நோட்டு எங்கே, ஹார்ட் டிஸ்க் எங்கே என்று எப்படிக் கேட்பது? ஆனால் காத்திருக்கவும் முடியாத நிலை. காரியத்துக்கு வீட்டை ஒழிக்கிறேன் என்று உறவுக்காரர்கள் ஒரு மூட்டைக் காகிதத்தை எடைக்குப் போட்டுவிட்டார்கள் என்று அண்ணனின் பையன் சொன்னான். அதில் ஜெராக்ஸ் பிரதிகள் மட்டுமா, மைப்படியும் போயிற்றா என்று இன்றுவரை தெரியாது. பழைய பேப்பர் கடையில் போய் விசாரித்தபோது லோடு ஏற்றிவிட்டார்கள். அதனால் துக்கம் விசாரிக்கப் போகும்போதே, வேறு எதுவும் கேட்காமல், "அண்ணன் ரூமை மட்டும் ஆறு மாசம் பூட்டி வையுங்க, ஒரு துண்டுக் காகிதம்கூட வெளியே போக வேணாம்" என்று சொல்லிவிடுங்கள். அந்த நேரத்தில் கேட்க வேண்டியது அவ்வளவுதான்.

அக்கா பின்னால் ஒருநாள், "தம்பி, அந்த ரூமைப் பாத்தாலே எனக்கு என்னமோ பண்ணுது. எல்லாத்தையும் நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார். அவரே சொன்னபோதும் நான் அள்ளிக்கொண்டு வரவில்லை. பையனை உட்காரவைத்து ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டு, இரண்டு பேரும் கையெழுத்திட்டு, ஒரு பிரதியை அவனிடம் கொடுத்தேன். படங்களுக்கும் எழுத்துக்கும் உள்ள காப்புரிமை சட்டப்படி வாரிசுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. நாளைக்கு விக்கிமீடியா காமன்ஸ் என்ற இணையப் படத் தொகுப்பில் ஏற்றுவதானாலும் நூலகத்துக்குக் கொடுப்பதானாலும் அவர்கள் ஒப்புதல் எழுத்தில் இருந்தால்தான் ஆகும். பட்டியல் போட்டதில் இன்னொரு நன்மையும் உண்டு. பையன் முதன்முறையாக அப்பாவின் நோட்டுகளைப் பிரித்துப் படித்தான்.

அடுத்தது போன். கைரேகைப் பூட்டு, பின் நம்பர் யாருக்கும் தெரியாது. கூகுள் கணக்கின் கடவுச்சொல்லும் தெரியாது. அதை மீட்கலாம் என்று உட்காரும்போது, ஓடிபி வரவேண்டிய எண்ணே செத்துக் கிடந்தது. பிரீபெய்டு சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டிருந்தார்கள். 90 நாள் பயன்பாடு இல்லாவிட்டால் எண்ணை முடக்கி, பிறகு வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அடுத்த ஆள் கைக்குப் போனால் வங்கி முதல் மின்னஞ்சல் வரை எல்லாக் கதவும் அடைபட்டுவிடும். இறந்தவரின் எண்ணுக்கு மாதாமாதம் சின்னத் தொகையாவது ரீசார்ஜ் செய்துகொண்டே இருங்கள். இறப்புச் சான்றிதழோடு வாரிசு போய்க் கேட்டு, எண்ணைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்வது இன்னும் நல்லது. இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்துவிட்டால் சான்றிதழ் சிரமமில்லாமல் கிடைக்கும், தாமதமானால் அலைச்சல். கூகுளில் இறந்தவரின் கணக்குக்காகக் குடும்பத்தார் விண்ணப்பிக்க ஒரு படிவம் இருக்கிறது. கடவுச்சொல்லைத் தரமாட்டார்கள், சில நேரம் உள்ளே இருக்கும் தரவைத் தருவார்கள். பையன் விண்ணப்பித்திருக்கிறான், இன்னும் முடியவில்லை. இரண்டு வருஷம் பயன்படுத்தாத கணக்கைக் கூகுள் அழித்துவிடலாம் என்பதால் இதற்குக் கெடு இருக்கிறது.

இவ்வளவும் உயிரோடிருக்கும்போது ஐந்து நிமிஷத்தில் முடிகிற வேலை. கூகுள் கணக்கு அமைப்பில் செயலற்ற கணக்கு நிர்வாகி என்று ஒன்று உண்டு. 3, 6, 12, 18 மாதம் என்று காலத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், 10 பேர் வரை பெயர் கொடுக்கலாம். அவ்வளவு காலம் நாம் உள்ளே வரவில்லை என்றால், நாம் குறித்துக் கொடுத்ததை மட்டும் அவர்கள் எடுத்துக்கொள்ள முடியும். ஐபோன்காரர்களுக்கு இதேபோல் மரபுத் தொடர்பு என்று ஒரு வசதி இருக்கிறது. எங்கள் குழுவில் மூத்தவர்கள் வீட்டுக்கு நானே போய் உட்கார்ந்து இதைப் போட்டுக் கொடுத்துவருகிறேன். சிலர் அபசகுனமாக நினைக்கிறார்கள். அண்ணன் வீட்டில் நடந்ததைச் சொன்னபிறகு போனை எடுத்து நீட்டுகிறார்கள்.

என் பணமும் காலமும் அதிகம் போனது ஹார்ட் டிஸ்க்கில். எல்லாப் படங்களும் ஒரே டிஸ்க்கில் இருந்தன. கம்ப்யூட்டரில் செருகினால் டிக் டிக் என்று சத்தம் வந்தது, திறக்கவில்லை. பக்கத்து ஊரில் ஒரு கடையில் வீட்டார் கொடுத்தார்கள். கடைக்காரர் 4,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, சாதாரண மேசையிலேயே டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு சென்னையில் தரவு மீட்கும் ஆய்வகம் ஒன்றுக்குக் கொண்டுபோனேன். ஏற்கெனவே திறந்துவிட்டதால் தூசி போய்த் தட்டில் கீறல் விழுந்திருக்கிறது, கிடைப்பதுதான் கிடைக்கும் என்றார்கள். 19,000 ரூபாய் கட்டினேன், பாதிக்குக் கொஞ்சம் மேல் கிடைத்தது. டிஸ்க் சத்தம் போட்டால் அந்த நொடியே கழற்றிவிடுங்கள். மறுபடி மறுபடி செருகிப் பார்ப்பதுதான் மிச்சமிருப்பதையும் கொல்லும். தூசியில்லாத அறை வைத்திருப்பவர்களிடம் மட்டும் கொடுங்கள். தெரியாத ஆள் திறந்து கெடுத்தபிறகு வேறு இடத்தில் கேட்பதால் பெரிய பயனில்லை.

கிடைத்த படங்களோ ஊர்ப் பெயர் போட்ட ஃபோல்டர்கள் எல்லாம் கலைந்து, வெறும் எண்களாக வந்தன. ஆயிரக்கணக்கில் கல், கல், கல். எது எந்த ஊர்? நல்லவேளையாகப் படத்துக்குள்ளேயே கேமரா எழுதிவைக்கும் தேதியும் நேரமும் பிழைத்திருந்தன. அண்ணனின் நோட்டுகளோ மின்வாரியக் கணக்கு மாதிரியே ஒழுங்கானவை. தேதி, ஊர், யார் நிலம், எந்தத் திசை பார்த்த கல், நீளம் அகலம், எத்தனை வரி, பெட்ரோல் செலவு. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு தேதியாகப் பொருத்த ஆரம்பித்தேன். ஒரு கட்டத்தில் எதுவுமே பொருந்தவில்லை. படங்களில் 2000, 2001 என்று வருகிறது, அப்போது அவரிடம் அந்தக் கேமராவே கிடையாது. பேட்டரி தீர்ந்தபோது கேமராவின் கடிகாரம் தானாக 2000 ஜனவரி 1க்குப் போயிருக்கிறது, அவர் திருத்தாமலே எடுத்துத் தள்ளியிருக்கிறார்.

பல ராத்திரி இதில் கழிந்தது. கடைசியில் ஒரு படத்தில் விடை இருந்தது. அந்த டீக்கடைக்காரர் சிரித்துக்கொண்டு நிற்கிறார், பின்னால் சுவரில் தேதி கிழிக்கிற காலண்டர். படத்தைப் பெரிதாக்கினால் நாளும் மாதமும் வருஷமும் தெளிவாகத் தெரிந்தன. கேமரா சொன்ன தேதிக்கும் காலண்டர் தேதிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டு மற்றப் படங்களுக்கும் கூட்டினேன். நோட்டில் உள்ள ஊர்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. அந்த இரவு அண்ணனைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று கை போனுக்குப் போயிற்று. நீங்கள் களத்துக்குப் போகிறவர் என்றால், கல்லைப் படமெடுக்கும் முன் ஒரு காகிதத்தில் ஊர், நிலத்துக்காரர் பெயர், தேதி மூன்றையும் எழுதி அதை முதல் படமாக எடுத்துவிடுங்கள். கேமராவும் டிஸ்க்கும் ஃபோல்டரும் என்ன ஆனாலும் அந்தப் படம் பேசும். டிஸ்க் இரண்டு இருக்கட்டும், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

மைப்படிகள் கோணிப்பையில் மடித்துச் சொருகியிருந்தன. மடித்த இடமெல்லாம் இற்றுப்போய், சிலவற்றில் கரையான் ஏறியிருந்தது. கல்லை நனைத்து, தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டிப் பள்ளத்துக்குள் இறக்கி, மை ஒற்றி எடுத்த தாள்கள். அதில் இரண்டு கற்கள் சாலை விரிவாக்கத்தில் காணாமல் போனவை, அந்தத் தாள்தான் இப்போது அந்தக் கற்களுக்கு மிச்சம். அக்கறையோடு ஒருவர் லேமினேட் செய்து கொடுக்கிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், நீங்களும் சம்மதிக்காதீர்கள். சூடும் பிளாஸ்டிக்கும் தாளைக் கெடுத்துவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. செல்லோடேப்பும் ஆகாது. பருத்தித் துணி சுற்றிய குழாயில் சுருட்டி, பின்புறம் பென்சிலால் ஊரும் தேதியும் எழுதி, தரையில் படாமல் வைத்திருக்கிறேன். சுருட்டும் முன் ஒவ்வொன்றையும் விரித்து, ஓரத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்தேன்.

புத்தகங்களில் எதை வைப்பது என்று குழம்ப வேண்டாம். தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளும் பழைய கல்வெட்டு ஆண்டறிக்கைகளும் இன்று ஸ்கேன் வடிவில் கிடைக்கின்றன, அவற்றின் ஜெராக்ஸை வைத்துக்கொண்டு இடத்தை அடைக்க வேண்டியதில்லை. ஆனால் ஓரத்தில் அவர் பென்சிலால் எழுதியிருந்தால் அந்தப் பிரதி உலகத்திலேயே ஒன்றுதான். எங்கள் ஊர்க் கல்வெட்டு ஒன்றின் பாடத்தில், "நேரில் பார்த்தேன், இது ர அல்ல, ச" என்று குறித்திருக்கிறார். இப்படிப்பட்ட பக்கங்களைத் தனியாகப் பிரித்துவிட்டேன். நூலகத்துக்குக் கொடுப்பதானால் மூட்டையாகக் கொண்டுபோய் இறக்காதீர்கள். தலைப்பு, ஆண்டு, நிலை என்று பட்டியல் அனுப்புங்கள், ஏற்கெனவே இருப்பதை அவர்கள் வேண்டாம் என்பார்கள், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகம், சென்னை ரோஜா முத்தையா நூலகம் இரண்டுக்கும் எழுதத் தயாராகிக்கொண்டிருக்கிறேன்.

அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு டப்பா நிறையக் கறுப்பு சிவப்புப் பானை ஓடுகள், சில செப்புக் காசுகள், ஒரு ஓலைச்சுவடிக் கட்டு. பார்த்தவுடன் உறவுக்காரர் ஒருவர் காசு என்ன விலை போகும் என்றார். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பொருள்களும் எழுபத்தைந்து ஆண்டு கடந்த சுவடிகளும் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வருகின்றன, உரிமம் இல்லாமல் அவற்றை வியாபாரம் செய்ய முடியாது. மண்ணுக்கடியில் கிடைத்தவற்றுக்கு 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டமும் இருக்கிறது. பையன் பெயரில் ஒரு கடிதம் எழுதி, அண்ணனின் நோட்டில் இருந்த கிடைத்த இடக் குறிப்புகளையும் இணைத்து, அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியரிடம் ஒப்படைத்து ரசீது வாங்கினோம். எங்கே கிடைத்தது என்ற குறிப்பு இல்லாத ஓடு வெறும் ஓடுதான் என்று காப்பாட்சியர் சொன்னபோது, பையனுக்கு அப்பாவின் நோட்டு மேல் மரியாதை இன்னும் கூடியது.

மிச்சம் இருப்பது வெளியிடுகிற வேலை. அண்ணன் கண்டுபிடித்து, படித்தும் எழுதாமல் வைத்திருந்த கற்கள் ஒரு கைப்பிடி இருக்கின்றன. தமிழகத் தொல்லியல் கழகத்தின் ஆவணம் இதழ் புதிய கல்வெட்டுகளை வெளியிடுகிறது. அதற்கு அனுப்பக் கட்டுரை தயார் செய்கிறேன். ஒவ்வொரு கல்லுக்கும் கீழே கண்டறிந்தவர் என்று அவர் பெயர் முழுதாக இருக்கும், படித்தவர் யார் என்பது தனியாக இருக்கும். என் பெயரும் சேர வேண்டும் என்று பையன் வற்புறுத்துகிறான். பொருத்திப் பார்த்து ஒழுங்குபடுத்தியவன் என்ற அளவில் கடைசியில் போட்டுக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டேன்.

ஒரே ஒரு கல்தான் தடையாக நிற்கிறது. செங்கத்திலிருந்து சாத்தனூர் அணைக்குப் போகிற பக்கத்தில் ஒரு கேழ்வரகுக் கொல்லை வரப்பில் இருக்கிறது. முதல் இரண்டு வரியை அண்ணன் படித்துவிட்டார். மூன்றாவது வரியில் வீரனின் பெயர் வருகிற இடத்தில் கல் சில்லு பெயர்ந்திருக்கிறது. முதல் எழுத்து க என்று அவர் சொன்னார், த என்று நான் சொன்னேன், முடிவாகவில்லை. அவர் படத்தில் அந்த இடம் நிழலில் போய்விட்டது. வட்டெழுத்து நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்கள் மார்கழி, தை மாதங்களில் வந்தால் அழைத்துப் போகிறேன். காலை ஒன்பது மணிக்கு முன் வெயில் பக்கவாட்டில் விழும். நிலத்துக்காரர் நல்ல மனிதர், முந்தின நாள் சொல்லிவிட்டால் போதும். தண்ணீரும் தேங்காய் நாரும் நான் கொண்டு வருகிறேன்.